சுற்றுச்சூழல் ‘நடவடிக்கை’ வினாக்கள்: கூற்றைப் பிரித்துப் படித்து விடை காணும் முழுமையான வழிகாட்டி

போட்டித் தேர்வுகளில் ஒரு கூற்றையும் அதற்குச் சில நடவடிக்கைகளையும் தந்து, அவற்றில் எவை பொருந்தும் என்று கேட்பதே ‘நடவடிக்கை’ வினா. முதலில் அப்படி ஒரு வினா. விடையை மனதில் குறித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கூற்று: ஓர் ஆற்றங்கரையில் உள்ள சாயப்பட்டறைகள் சுத்திகரிக்காத கழிவுநீரை ஆற்றில் விடுவதால், கீழ்ப்பகுதியில் உள்ள ஐந்து கிராமங்களின் கிணற்று நீர் குடிக்கத் தகுதியற்றதாகிவிட்டது என மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வு தெரிவிக்கிறது.

நடவடிக்கை 1: அந்த ஐந்து கிராமங்களுக்கும் உடனடியாக மாற்றுக் குடிநீர் வழங்க வேண்டும்.
நடவடிக்கை 2: அந்த ஆற்றங்கரையில் உள்ள சாயப்பட்டறைகள் அனைத்தையும் நிரந்தரமாக மூடிவிட வேண்டும்.

விடை: 1 மட்டும் பொருந்தும். இரண்டும் பொருந்தும் என்று குறிப்பவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தர்க்கம் தெரியாமல் இல்லை. ஆறு கெட்டுப்போவதைப் படித்ததும் கோபம் வருகிறது, அந்தக் கோபத்துக்குப் பிடித்த நடவடிக்கையில் பேனா போய் நிற்கிறது. லாப நட்டம், பணியாளர் விடுப்பு பற்றிய நடவடிக்கை வினாக்களில் இந்தத் தொல்லை இல்லை. சுற்றுச்சூழல் வினாவில் மட்டும் நம் நல்லெண்ணமே குறுக்கே வந்து நிற்கும். அதனால் இந்த வகைக்கென்று தனியாக ஓர் ஒழுங்கைப் பழகிக்கொள்வது அவசியம்.

வினாத்தாள் உண்மையில் என்ன கேட்கிறது?

வங்கித் தேர்வுகளிலும் ரயில்வே தேர்வுகளிலும் இந்த வினாவுக்கு மேலே ஒரு குறிப்பு இருக்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. சாரம் இதுதான்: கூற்றில் உள்ளதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொள்ள வேண்டும், பிரச்சினையைத் தீர்க்கவோ குறைக்கவோ, நிலைமையை மேம்படுத்தவோ நிர்வாகம் எடுக்கத்தக்க அடி எது என்று தீர்மானிக்க வேண்டும்.

இதில் இரண்டு சொற்கள் முக்கியம். ஒன்று, ‘நிர்வாகம்’. அதிகாரம் உள்ள ஓர் அமைப்பு செய்யக்கூடியதாக நடவடிக்கை இருக்க வேண்டும். மற்றொன்று, ‘குறைக்கவோ’. ஒரு நடவடிக்கை பிரச்சினையை முழுதாகத் தீர்த்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை; ஒரு பகுதியைக் குறைத்தாலே போதும். மாற்றுக் குடிநீர் ஆற்றைச் சுத்தம் செய்யாதுதான். ஆனாலும் அது பொருந்துகிறது, ஏனென்றால் கூற்றில் உள்ள பாதிப்பின் ஒரு முனையை அது நேராகப் பிடிக்கிறது.

படி 1: கூற்றிலிருந்து நான்கு செய்திகளைப் பிரித்தெடுங்கள்

நடவடிக்கைகளை இன்னும் பார்க்காதீர்கள். கூற்றை மட்டும் படித்து நான்கைக் குறியுங்கள்: பாதிப்பு என்ன, அதன் அளவு எவ்வளவு, காரணம் எந்த நிலையில் இருக்கிறது, இதுவரை என்ன செய்யப்பட்டிருக்கிறது.

மேலே உள்ள கூற்றில் பாதிப்பு: குடிநீர் கெட்டது. அளவு: ஐந்து கிராமங்கள். காரணம்: ஆய்வில் உறுதியானது. இதுவரை செய்தது: எதுவும் சொல்லப்படவில்லை.

இந்த நான்கில் மூன்றாவதும் நான்காவதும்தான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கின்றன. அதே ஆற்றை வைத்துக்கொண்டு சில சொற்களை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

மாற்றம் அ: “ஆற்று நீரின் நிறம் மாறியிருப்பதாகவும், சாயக்கழிவு கலந்திருக்கலாம் என்றும் கிராம மக்கள் புகார் அளித்துள்ளனர்.” இப்போது காரணம் வெறும் சந்தேகம். ‘நீர் மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்’ என்பது கண்ணை மூடிக்கொண்டு குறிக்கத்தக்க விடை. ‘பட்டறைகளின் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்’ பொருந்தாது. யார் செய்தது என்றே இன்னும் தெரியவில்லை.

மாற்றம் ஆ: முதலில் தந்த அதே கூற்று, ஆய்வு முடிந்துவிட்டது. இங்கே ‘நீர் மாசடைந்துள்ளதா என்று அறியக் குழு அமைக்க வேண்டும்’ என்பது பொருந்தாது. விடை தெரிந்த கேள்வியை மறுபடியும் கேட்பதால் என்ன பயன்? ஆனால் ‘எந்தெந்தப் பட்டறைகள் விதியை மீறின என்று கண்டறிந்து நடவடிக்கை எடுக்க வேண்டும்’ பொருந்தும். இரண்டுமே ‘விசாரணை’ போலத் தெரியும். முதலாவது தெரிந்ததைத் தேடுகிறது, இரண்டாவது தெரியாததைத் தேடுகிறது. விசாரணை என்ற சொல்லைப் பார்த்ததும் விடை எழுதாமல், எதை விசாரிக்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

மாற்றம் இ: “சுத்திகரிப்பு நிலையம் அமைக்க மூன்று முறை கெடு விதித்தும், பட்டறைகள் அமைக்கவில்லை.” இப்போது ‘மேலும் ஆறு மாத அவகாசம் தர வேண்டும்’ என்பது தோற்றுப்போன வழியையே நீட்டுகிறது, பொருந்தாது. ‘சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும்வரை அவற்றின் இயக்கத்தை நிறுத்தி வைக்க வேண்டும்’ பொருந்தும்.

நிஜ உலகிலும் இந்த வரிசை உண்டு. திருப்பூர் சாயப்பட்டறைகளால் நொய்யல் கெட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில், 2006-இல், கழிவுநீர் வெளியேற்றமே இல்லாத நிலையை எட்டக் கெடு வைத்தது. அது நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரியில்தான் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்த நிலையை எட்டும்வரை மூடல் என்பதுதான் ஆணை. நிரந்தர மூடல் அல்ல. இந்த வழக்கைப் படித்தவர்களே முதல் வினாவில் தடுமாறுகிறார்கள். ‘நிஜத்தில் மூடினார்களே’ என்ற நினைவு வந்துவிடுகிறது. எத்தனையாவது அடியில் மூடினார்கள், எதுவரை மூடினார்கள் என்பது நினைவுக்கு வருவதில்லை.

படி 2: ஒவ்வொரு நடவடிக்கையையும் தனியாக நிறுத்திச் சோதியுங்கள்

நடவடிக்கை 2-ஐக் கையால் மறைத்துக்கொண்டு 1-ஐ மட்டும் பாருங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு ‘எது மேல்’ என்று கேட்டால் வழி தவறிவிடும்; இது போட்டி அல்ல, இரண்டும் தேறலாம், இரண்டும் தோற்கலாம்.

ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டியவை:

1. கூற்றில் சொன்ன காரணத்தையோ பாதிப்பையோ இது தொடுகிறதா?
2. செய்யும் அதிகாரமும் வழியும் ஒரு நிர்வாகத்துக்கு இருக்கிறதா?
3. பிரச்சினையின் அளவுக்கு இது ஏற்றதா?
4. இதைச் செய்தால் இப்போதுள்ளதைவிடப் பெரிய பிரச்சினை முளைக்குமா?

இரண்டாம் கேள்வியையும் மூன்றாம் கேள்வியையும் பலர் கலந்துவிடுகிறார்கள். ‘தொழிற்சாலையை மூட முடியாது, அதனால் பொருந்தாது’ என்று காரணம் சொல்வார்கள். அது தவறு. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், பிரிவு 33அ-வின் கீழ், ஓர் ஆலையை மூடவும் அதன் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தவும் ஆணையிட மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 5-ஆம் பிரிவில், அதே அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. எனவே மூடுவது அதிகாரத்துக்கு உட்பட்டதே. முதல் வினாவில் நடவடிக்கை 2 விழுவது அளவால்: ‘அனைத்தையும்’ என்பதில் விதியைக் கடைப்பிடிக்கும் பட்டறையும் அடங்கிவிடுகிறது, ‘நிரந்தரமாக’ என்பது திருந்தும் வழியை அடைக்கிறது. காரணத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால்தான் அடுத்த வினாவில், ‘விதியை மீறிய பட்டறைகளைத் தற்காலிகமாக மூட வேண்டும்’ என்று வரும்போது அதைச் சரி என்று குறிக்க முடியும்.

கடுமையான சொற்களைப் பற்றி ஒரு கவனம். ‘அனைத்தும்’, ‘முற்றிலும்’, ‘மட்டுமே’, ‘உடனடியாக’ ஆகிய சொற்கள் வந்தால் அடித்துவிடு என்று குறுக்குவழி சொல்லித் தருவது வழக்கம். பாதி உண்மை அது. ‘உடனடியாக’ என்ற சொல் பெரும்பாலும் குற்றமற்றது. நச்சு வாயு கசிந்துகொண்டிருக்கிறது என்றால், ‘சுற்றியுள்ள மக்கள் அனைவரையும் உடனடியாக வெளியேற்ற வேண்டும்’ என்பது சரியான விடை. சொல் எவ்வளவு கடுமை என்பதைக் கூற்றின் கடுமையோடு வைத்துத்தான் எடை போட வேண்டும்.

மென்மையான வினைகள் இதற்கு எதிர்ப்பக்கம். ‘ஆராய வேண்டும்’, ‘சாத்தியத்தைப் பரிசீலிக்க வேண்டும்’, ‘ஊக்குவிக்க வேண்டும்’ என்று முடிபவை எளிதில் தேறும். ஆலையை இடம் மாற்றுவது பொருந்தாத இடத்திலும், இடம் மாற்றுவதைப் பரிசீலிப்பது பொருந்தலாம். வாக்கியத்தின் கடைசி வினையைப் படிக்காமல் விடை குறிக்காதீர்கள். தமிழில் வினை கடைசியில்தான் வரும். அவசரத்தில் கண் அதற்குமுன்பே தாவிவிடும்.

காரணம் தெரியாதபோது கைகட்டி இருக்க வேண்டுமா?

இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ‘காரணம் உறுதியாகவில்லை என்றால் விசாரணை மட்டும்தான்’ என்று பழகியவர்கள் இங்கே மதிப்பெண் இழக்கிறார்கள்.

கூற்று: நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரியில் இன்று காலை ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. காரணம் தெரியவில்லை.

நடவடிக்கை 1: பரிசோதனை முடிவு வரும்வரை அந்த ஏரியிலிருந்து குடிநீர் எடுப்பதை நிறுத்த வேண்டும்.
நடவடிக்கை 2: ஏரி நீரையும் இறந்த மீன்களையும் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

இரண்டும் பொருந்தும். மீன்கள் இறந்தது நஞ்சாலா, நீரில் ஆக்சிஜன் குறைந்ததாலா என்று தெரியாது. ஆனால் தவறாகப் போனால் பாதிக்கப்படுவது மக்களின் உயிர். நிறுத்துவதோ தற்காலிகமானது, நாளையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சுற்றுச்சூழல் சட்டத்தில் இதற்கு முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்று பெயர். 1992 ரியோ பிரகடனத்தின் 15-ஆம் கோட்பாடு இதைச் சொல்கிறது. வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இதை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டது. கடுமையான, மீட்க முடியாத பாதிப்பு வரும் அபாயம் இருக்கும்போது, அறிவியல் உறுதி இல்லை என்பதைத் தாமதத்துக்குச் சாக்காகச் சொல்லக் கூடாது என்பது அதன் பொருள்.

தேர்வுக்கு இதை இப்படிச் சுருக்கிக்கொள்ளலாம்: பாதிப்பு பெரிது, நடவடிக்கை தற்காலிகம், யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை; இந்த மூன்றும் இருந்தால் காரணம் தெரியாவிட்டாலும் பொருந்தும். மூன்றாவது முக்கியம். அதே ஏரிக் கூற்றில் ‘அருகிலுள்ள ரசாயன ஆலையின் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும்’ என்று வந்தால் பொருந்தாது. கூற்றில் ஆலையே இல்லை.

படி 3: பொது அறிவை எங்கே கொண்டுவரலாம், எங்கே கூடாது

கூற்றில் இல்லாத செய்தியைச் சேர்க்கக் கூடாது. ஆனால் கூற்றில் உள்ள எண்ணின் கனத்தை உணரப் பொது அறிவு வேண்டும். ‘மாநகரில் காற்றுத் தரக் குறியீடு மூன்று நாட்களாக 420’ என்றால், அது எவ்வளவு மோசம் என்று தெரியாமல் அளவை எடை போட முடியாது. இந்தியக் குறியீட்டில் 0–50 நல்லது, 51–100 திருப்தி, 101–200 மிதம், 201–300 மோசம், 301–400 மிக மோசம், 401–500 கடுமை. ஆக 420 கடைசி அடுக்கு. அந்த நிலையில் ‘கட்டுமானப் பணிகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும்’ பொருந்தும். குறியீடு 120 என்றால் அதே நடவடிக்கை மிகை. டெல்லி வட்டாரத்தில் குறியீடு ஏற ஏறக் கட்டுப்பாடுகளும் நான்கு கட்டங்களாக இறுகும் திட்டம் நடைமுறையில் இருப்பதும் இந்த அளவுப் பொருத்தத்தால்தான்.

‘தனியார் வாகனங்களுக்கு நிரந்தரத் தடை’ என்பது 420-க்கும் பொருந்தாது. மூன்று நாள் நிலைமைக்கு என்றென்றைக்குமான மருந்து அது.

இந்த வகைக்கே உரிய நான்கு கண்ணிகள்

மரக்கன்று: ‘மரக்கன்றுகள் நட வேண்டும்’ என்று பார்த்தாலே சரி என்று கை போகும். கூற்றைப் பாருங்கள். சாலை விரிவாக்கத்துக்காக மரங்கள் வெட்டப்பட்டன என்றால் பொருந்தும். வெள்ளம் வீட்டுக்குள் நிற்கிறது, மக்கள் மாடியில் தவிக்கிறார்கள் என்றால், அந்த நெருக்கடியை அது தொடவே இல்லை.

விழிப்புணர்வு: மக்களின் பழக்கம்தான் காரணம் என்றால் பொருந்தும். குப்பையைப் பிரிக்காமல் கொட்டுகிறார்கள், மழைநீர் வடிகாலில் நெகிழிப் பைகளை எறிகிறார்கள் என்பவை அப்படிப்பட்டவை. தொழிற்சாலைப் புகைபோக்கியில் வடிகட்டி இல்லை என்ற கூற்றுக்குப் பொதுமக்களிடம் விழிப்புணர்வுப் பிரசாரம் என்பது தொடர்பற்றது.

ஏற்கெனவே உள்ள சட்டம்: இது நுட்பமானது. “ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருந்தும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன” என்று கூற்று. ‘அவற்றைத் தடை செய்ய வேண்டும்’ என்பது பொருந்தாது, தடைதான் இருக்கிறதே. ‘திடீர்ச் சோதனை நடத்தி அபராதம் விதிக்க வேண்டும்’, ‘உற்பத்தியாகும் இடத்தைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்க வேண்டும்’ ஆகியவை பொருந்தும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், குறிப்பிட்ட பொருட்களுக்கு நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் தடை இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் கூற்றில் தடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்றால், அந்த அறிவை வைத்து ‘ஏற்கெனவே தடை இருக்கிறது’ என்று அடித்துவிடாதீர்கள். ‘இருந்தும்’ என்ற ஒரு சொல் கூற்றில் இருக்கிறதா என்பதே சோதனை.

பழிவாங்கும் நடவடிக்கை: ‘பொறுப்பான அமைச்சர் பதவி விலக வேண்டும்’, ‘ஆலை முதலாளியைக் கைது செய்ய வேண்டும்’. தவறு நிரூபணமானதாகக் கூற்று சொன்னால் தண்டனை பொருந்தலாம். பதவி விலகல் அநேகமாக எப்போதும் பொருந்தாது. அதனால் தண்ணீர் சுத்தமாவதில்லை.

படி 4: ‘ஏதேனும் ஒன்று’ எப்போது?

வங்கித் தேர்வின் ஐந்து விருப்பங்கள்: 1 மட்டும், 2 மட்டும், 1 அல்லது 2, இரண்டும் இல்லை, இரண்டும். மூன்றாவதுதான் குழப்பம். அதைக் குறிக்க இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து நிறைவேற வேண்டும்: ஒவ்வொன்றும் தனியாகவே போதுமானது, ஒன்றைச் செய்துவிட்டால் மற்றதற்கு வேலை இல்லை.

குப்பைக் கிடங்கின் புகையால் ஒட்டியுள்ள சிறு குடியிருப்பில் மூச்சுத் தொல்லை என்றால், கிடங்கை மாற்றுவது, குடியிருப்பை மாற்றுவது: ஒன்று நடந்தால் மற்றது தேவையில்லை. இது ‘ஏதேனும் ஒன்று’. கிடங்கு நிரம்பிவிட்டது என்றால், புது இடம் தேடுவது, மக்கும் குப்பையைப் பிரித்து உரமாக்குவது: இரண்டையும் சேர்த்தே செய்யலாம், செய்ய வேண்டும். இது ‘இரண்டும்’. ஒன்று உடனடி நிவாரணம், மற்றது நீண்டகாலத் தீர்வு என்று அமைந்தால் ‘ஏதேனும் ஒன்று’ வரவே வராது.

மூன்று நடவடிக்கைகள் தரும் வினாவில், எதைப் பற்றி உங்களுக்கு ஐயமே இல்லையோ அதிலிருந்து தொடங்குங்கள். ‘யானைகள் காப்புக்காட்டை ஒட்டிய வயல்களை நாசம் செய்கின்றன’ என்ற கூற்றுக்கு ‘யானைகளைச் சுட அனுமதிக்க வேண்டும்’ என்று ஒன்று இருந்தால், அது விழுந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு அது. சட்டம் தெரியாவிட்டாலும் நான்காம் கேள்வியில் தோற்றுவிடும். அந்த எண் உள்ள விருப்பங்களை எல்லாம் அடித்தால் பெரும்பாலும் இரண்டுதான் மிஞ்சும்.

நேரமும் மதிப்பெண்ணும்

ஒரு வினாவுக்கு 45 முதல் 60 விநாடி வையுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு கூற்றுக்கே. வங்கித் தேர்வில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண்ணும், ரயில்வேயில் மூன்றில் ஒரு பங்கும் குறையும். ஐந்தில் மூன்று விருப்பங்களை அடித்துவிட்டீர்கள் என்றால் மிச்ச இரண்டில் ஒன்றைக் குறிப்பது லாபமே. எதையுமே அடிக்க முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தமிழில் எழுதுவோர், ‘1 அல்லது 2’ என்பதையும் ‘1-உம் இல்லை 2-உம் இல்லை’ என்பதையும் மொழிபெயர்ப்பு குழப்பியிருந்தால் ஆங்கில வடிவத்தை ஒரு கணம் பாருங்கள்.

பயிற்சியில் தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே நான்கு கேள்விகளில் எதில் சறுக்கினீர்கள் என்று எண்ணை எழுதி வையுங்கள். ஐம்பது வினாக்களுக்குப் பிறகு அந்த எண்களை எண்ணினால், உங்கள் பலவீனம் ஒன்றிரண்டு இடங்களில் குவிந்திருப்பது தெரியும்.

செய்து பாருங்கள்

வினா 1. கூற்று: கரையருகே கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்து கடலில் பரவி வருகிறது, மீனவர்களின் வலைகள் பாழாகிவிட்டன. நடவடிக்கை 1: மிதவைத் தடுப்புகள் அமைத்து எண்ணெய் பரவுவதைத் தடுக்க வேண்டும். நடவடிக்கை 2: மீனவர்களின் இழப்பைக் கணக்கிட்டு இழப்பீடு வழங்க வேண்டும். நடவடிக்கை 3: அத்துறைமுகத்துக்கு எண்ணெய்க் கப்பல்கள் வருவதை முற்றிலும் தடுக்க வேண்டும்.

விடை: 1, 2. மூன்றாவது ஒரு விபத்துக்காக ஒரு போக்குவரத்தையே நிறுத்துகிறது.

வினா 2. கூற்று: பருவமழை பொய்த்ததால் மாவட்டத்தின் நிலத்தடி நீர்மட்டம் தொடர்ந்து இறங்குகிறது, அடுத்த கோடையில் குடிநீர்த் தட்டுப்பாடு வரலாம் என நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள். நடவடிக்கை 1: விவசாயத்துக்கு நிலத்தடி நீர் எடுப்பதை முழுமையாகத் தடை செய்ய வேண்டும். நடவடிக்கை 2: ஏரி குளங்களைத் தூர்வாரி, கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்புகள் இயங்குவதை உறுதி செய்ய வேண்டும்.

விடை: 2 மட்டும். தட்டுப்பாடு ‘வரலாம்’ என்ற நிலையில்தான் இருக்கிறது. தயாராவதற்கு அவகாசம் உண்டு. முதல் நடவடிக்கை குடிநீர்ப் பஞ்சத்தைத் தவிர்க்க உணவுப் பஞ்சத்தை அழைக்கிறது. அதையே ‘சொட்டுநீர்ப் பாசனத்தை ஊக்குவிக்க வேண்டும்’ என்று மாற்றிவிட்டால் விடை ‘இரண்டும்’ ஆகிவிடும்.